உங்கள் ஆய்வு நெடுங்காலம் நிலைத்திருக்க: திறந்த களஞ்சியத்தில் சேர்ப்பதற்கான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு மாணவரிடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. வேறொரு நூலின் அடிக்குறிப்பில் என் கட்டுரையைக் கண்டதாகவும், அங்கே தரப்பட்ட இணைப்பைத் திறந்தால் எதுவும் வரவில்லை என்றும், பிரதி ஒன்று அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தார். தேடிப் பார்த்தபோது அதை வெளியிட்ட ஆய்விதழின் இணையதளமே மறைந்துபோயிருந்தது. என் கணினியில் மிஞ்சியது, மதிப்பாய்வுக்கு அனுப்புவதற்கு முந்தைய வரைவு மட்டுமே. கட்டுரையை மீட்டு, உரிமையைத் தெளிவுபடுத்தி, ஆய்வுகளை இணையத்தில் நெடுங்காலம் சேமித்துப் பகிரும் நிலையான களஞ்சியம் ஒன்றில் சேர்த்து முடிக்க ஏறக்குறைய ஐந்து மாதங்கள் ஆயின. செய்ய வேண்டியவற்றின் வரிசை முன்பே தெரிந்திருந்தால் இரண்டு வார இறுதிகளில் முடிந்திருக்கும் வேலை அது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு வேறுபாட்டை மட்டும் முதலில் மனத்தில் கொள்ளுங்கள். ஒரு கட்டுரையை யாரும் கட்டணமின்றிப் படிக்க முடிந்தால் அது திறந்த அணுக்கம். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அதே கட்டுரையைத் திறந்து படிக்க முடிந்தால் அது நெடுங்காலப் பாதுகாப்பு. முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறோம். 2000 முதல் 2019 வரையிலான காலத்தில் 174 திறந்த அணுக்க ஆய்விதழ்கள் முழுமையான காப்பகப் பிரதி எதுவும் இல்லாமல் இணையத்திலிருந்து மறைந்ததை ஓர் ஆய்வு கண்டறிந்தது. அவை அனைத்தும் இலவசமாகப் படிக்கக் கிடைத்தவையே.

1. கையில் இருப்பதைப் பட்டியலிடுங்கள்

ஒரு விரிதாளைத் திறந்து, நீங்கள் வெளியிட்ட ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆய்வேட்டுக்கும் தரவுத் தொகுப்புக்கும் ஒரு வரி எழுதுங்கள். தலைப்பு, ஆண்டு, இணைக் கட்டுரையாளர்கள், ஆய்விதழின் பெயர், இதழை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் எண், படைப்புக்கு நிலையான இணைய முகவரியாக அமையும் டிஓஐ எண் இருந்தால் அது, கோப்பு எங்கே இருக்கிறது, ஒப்பந்தம் எங்கே இருக்கிறது என்ற விவரங்கள் போதும். ஒரு மாலைப்பொழுதில் முடியும்.

இந்தப் பட்டியலோடு ஆவணங்களையும் ஒரே கோப்புறையில் சேருங்கள்: வெளியீட்டு ஒப்பந்தம், கட்டுரை ஏற்கப்பட்டதாகத் தேதியுடன் வந்த மின்னஞ்சல், பிறருடைய படங்களைப் பயன்படுத்தப் பெற்ற அனுமதி, நேர்காணல் தந்தவர்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவங்கள், நிதியளித்த அமைப்பின் திட்ட எண். பின்னால் ஒவ்வொரு படியிலும் இவற்றில் ஏதாவது ஒன்று தேவைப்படும். எனக்கு அதிக நாள் பிடித்தது, பழைய அஞ்சல் பெட்டியில் ஏற்பு மின்னஞ்சலைத் தேடியதுதான்.

இன்னும் ஆர்கிட் எண் பெறவில்லை என்றால் இப்போதே பெறுங்கள். 16 இலக்கங்கள் கொண்ட இந்த அடையாள எண் இலவசமானது. சில நிமிடங்களில் கிடைக்கும். ஒரே பெயர் கொண்ட பலர் இருக்கும் சூழலிலும், தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாக எழுதும் சூழலிலும், உங்கள் படைப்புகளை உங்களோடு பிணைத்து வைப்பது அந்த எண்தான். பதிவு செய்யும்போது நிறுவன மின்னஞ்சலோடு தனிப்பட்ட மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். நிறுவனத்தை விட்டு வெளியேறியதும் அந்த முகவரி முடக்கப்பட்டு, கணக்கில் நுழைய வழியில்லாமல் தவிப்பவர்கள் பலர்.

2. உரிமை யாரிடம் இருக்கிறது என்று உறுதிசெய்யுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகப் பதிவேற்றத்துக்குப் போகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் எழுதியது என்பதாலேயே அதை எங்கும் வெளியிடும் உரிமை உங்களிடம் இருக்கிறது என்று பொருளில்லை. ஒப்பந்தத்தில் பதிப்புரிமையை வெளியீட்டாளருக்கு மாற்றித் தந்திருந்தால், எந்தப் பிரதியை, எங்கே, எப்போது வெளியிடலாம் என்பதை அவர் வகுத்த விதிகளே தீர்மானிக்கும்.

அந்த விதிகளை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஷெர்பா ரோமியோ என்ற பெயரில் நெடுநாள் அறியப்பட்டு, இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்ற பெயரில் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் இலவசச் சேவையில் ஆய்விதழின் பெயரையோ ஐஎஸ்எஸ்என் எண்ணையோ இட்டால், அந்த இதழ் எதை அனுமதிக்கிறது என்று தெரியும். அதில் மூன்று வகைப் பிரதிகள் குறிப்பிடப்படும். மதிப்பாய்வுக்கு முந்தையது முன்பதிப்பு. மதிப்பாய்வாளர்களின் கருத்துகளுக்கு ஏற்பத் திருத்தப்பட்டு, இதழாசிரியர் ஏற்றுக்கொண்ட, ஆனால் இதழின் பக்க வடிவமைப்பு இன்னும் செய்யப்படாத உங்கள் சொந்தக் கோப்பு, ஏற்கப்பட்ட கைப்பிரதி. இதழின் சின்னத்தோடும் பக்க எண்களோடும் வருவது வெளியீட்டாளரின் இறுதிப் பதிப்பு.

பல வெளியீட்டாளர்கள் களஞ்சியத்தில் வைக்க அனுமதிப்பது நடுவில் உள்ள கைப்பிரதியைத்தான். கட்டுரையாளர்கள் தொலைத்துவிடுவதும் பெரும்பாலும் அதைத்தான். அச்சு வடிவம் அழகாகக் கைக்கு வந்ததும் அந்த வேர்டு கோப்பு மறந்துபோகிறது. ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே அந்தக் கோப்பைத் தனியே பெயரிட்டு எடுத்து வைக்கும் பழக்கம் ஒன்றே பின்னால் வரும் சிக்கல்களில் பாதியைத் தீர்த்துவிடும். அதை வெளியிடும் முன், ஓரத்தில் மதிப்பாய்வாளர் எழுதிய குறிப்புகளும், நீக்கியதையும் சேர்த்ததையும் காட்டும் தடங்களும் கோப்பில் மிஞ்சியிருக்கின்றனவா என்று பாருங்கள். என் கைப்பிரதியின் ஏழாம் பக்கத்தில், இணைக் கட்டுரையாளர் எனக்கு மட்டும் எழுதிய ஒரு குறிப்பு அப்படியே இருந்தது. பதிவேற்றுவதற்குச் சற்று முன்புதான் கண்ணில் பட்டது.

அனுமதி இருந்தாலும் தடைக்காலம், அதாவது கோப்பைப் பொதுவில் திறக்காமல் காத்திருக்க வேண்டிய காலம், இருக்கலாம். 6, 12, 24 மாதங்கள் என்று இது வேறுபடும். மானுடவியல், சமூகவியல் துறைகளில் நீண்டதாக இருப்பது வழக்கம். தடைக்காலம் பெரும்பாலும் வெளியான நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது, ஏற்கப்பட்ட நாளிலிருந்து அல்ல. ஆனாலும் அது முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பல களஞ்சியங்களில் இன்றே கோப்பைச் சேர்த்து, குறிப்பிட்ட தேதியில் தானாகத் திறக்கும்படி அமைக்கலாம். அப்படியே செய்யுங்கள், இரண்டு ஆண்டுகள் கழித்து நினைவில் வைத்துச் செய்வேன் என்பது நடக்காது.

இதழ் அந்தச் சேவையில் இல்லையென்றால் இதழாசிரியருக்கே எழுதிக் கேளுங்கள். எந்தப் பிரதி, எந்தக் களஞ்சியம், எந்த உரிமம் என்று மூன்றையும் குறிப்பிட்டு எழுதினால் ஒரே மடலில் விடை கிடைக்கும். நான்கு வாரங்களில் பதில் வராவிட்டால் நினைவூட்டுங்கள். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதேவேளையில், நீங்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை என்றால் உரிமை உங்களிடமே இருக்க வாய்ப்பு அதிகம். பதிப்புரிமையை மாற்றித் தருவதற்குப் பல நாடுகளின் சட்டங்கள் எழுத்து வடிவ ஒப்பந்தத்தைக் கேட்கின்றன.

இணைக் கட்டுரையாளர்கள் ஒவ்வொருவரின் சம்மதத்தையும் மின்னஞ்சலில் பெற்றுக் கோப்புறையில் வையுங்கள். வாய்ச்சொல் போதாது.

3. கோப்பை நீடித்து நிற்கும் வடிவத்துக்கு மாற்றுங்கள்

கட்டுரைக்கு ஏற்ற வடிவம் பிடிஎஃப்/ஏ. ஐஎஸ்ஓ 19005 என்ற தரத்தின்படி அமைந்த இந்த வகைக் கோப்பு எழுத்துருக்களைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். வெளியிலிருந்து எதையும் தருவிக்காது. கடவுச்சொல் பூட்டுக்கு இடம் தராது. லிப்ரெஆஃபீஸில் ஏற்றுமதி செய்யும்போது இந்தத் தெரிவு இருக்கிறது. உருவான கோப்பு உண்மையிலேயே அந்தத் தரத்தில் இருக்கிறதா என்று வெராபிடிஎஃப் என்ற இலவசக் கருவியில் சோதியுங்கள். பிடிஎஃப்/ஏ என்று பெயர் சூட்டப்பட்ட கோப்புகள் எல்லாம் அந்தச் சோதனையில் தேறுவதில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு தனிக் கவனம் வேண்டும். ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன் தட்டச்சிட்ட ஆய்வேடுகள் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. அந்த எழுத்துரு கணினியில் இல்லாதபோது கோப்பைத் திறந்தால் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று ஆங்கில எழுத்துகளின் வரிசையாகத் தெரியும். அச்சில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது தமிழே இல்லை. எந்தத் தேடுபொறியும் அதைக் கண்டுபிடிக்காது. ஆகவே ஒருங்குறிக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றுக் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் அவற்றின் வெளியீட்டை அப்படியே நம்பிவிட முடியாது. அடிக்குறிப்பில் இருந்த ஆங்கில மேற்கோள்கள் தமிழ் எழுத்துகளாக உருமாறி நிற்கும். 'ஔவையார்' என்பது ஒகரமும் ளகரமும் சேர்ந்த 'ஒளவையார்' ஆகியிருக்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடும்போது அகப்படாது. 180 பக்க ஆய்வேட்டை மாற்றிச் சரிபார்க்க எனக்கு ஒன்பது நாள்கள் ஆயின. இந்த வழியில் வேறெந்தப் படிக்கும் இவ்வளவு உழைப்புத் தேவைப்படவில்லை. இதைக் குறைத்துச் செய்ய வேண்டாம்.

ஒருங்குறியில் எழுதிய கோப்பும் பிடிஎஃப் ஆகும்போது சிதையக்கூடும். கொம்பும் காலும் இடம் மாறி, 'கொடி' என்ற சொல் நகலெடுத்து ஒட்டும்போது உடைந்து விழும். பிடிஎஃப்/ஏ-2யு என்ற வகை, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருங்குறி இணை இருக்க வேண்டும் என்று கேட்பதால் தமிழுக்கு அதையே பரிந்துரைப்பேன். இருந்தாலும் ஒரு பத்தியை நகலெடுத்து எளிய உரைக் கோப்பில் ஒட்டிப் பார்த்துவிடுங்கள். எழுத்துகள் கலைந்து வந்தால் உரைக் கோப்பு ஒன்றையும் யூடிஎஃப்-8 என்ற ஒருங்குறிக் குறியாக்கத்தில் கூடவே சேருங்கள்.

தரவுகளை எக்செல் கோப்பாக மட்டும் விட்டுவிடாமல், எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய உரை அட்டவணையான சிஎஸ்வி ஆகவும் சேமியுங்கள். எக்செல்லில் சாதாரண சிஎஸ்வி தெரிவைச் சொடுக்கினால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடலாம். யூடிஎஃப்-8 என்று குறிப்பிடும் தெரிவையே எடுங்கள். எண்களின் முன்னால் உள்ள பூச்சியங்கள் காணாமற் போகின்றனவா என்றும் பாருங்கள். படங்களுக்கு டிஃப், ஒலிக்கு வேவ் அல்லது ஃபிளாக் ஏற்றவை. அச்சுப் பிரதியை வருடுவதானால் குறைந்தது 300 டிபிஐ, எழுத்து சிறியதானால் 400.

கோப்புப் பெயர்களில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் வேண்டாம் என்பது என் கருத்து. ஜிப் ஆக்கிப் பிரிக்கும்போது பெயர்கள் சிதைவதைப் பலமுறை கண்டுவிட்டேன். ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், இணைகோடு ஆகியவை போதும். தேதியை 2024-03-15 என்பதுபோல் ஆண்டிலிருந்து தொடங்கி எழுதினால் கோப்புகள் தாமாகவே வரிசையில் நிற்கும்.

4. உங்களை அறியாத ஒருவருக்கு விளக்கக் கோப்பு எழுதுங்கள்

ஒரு தரவுத் தாளில் 'வ3' என்ற தலைப்பின்கீழ் 1, 2, 9 என்ற எண்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 என்றால் ஆம், 2 என்றால் இல்லை, 9 என்றால் பதில் தரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இன்னொருவர் அந்த 9-ஐயும் சேர்த்துச் சராசரி எடுத்தால் உங்கள் ஆய்வின் முடிவு பிழையாகிவிடும், பிழை எங்கே என்று சொல்ல அப்போது நீங்கள் அருகில் இருக்க மாட்டீர்கள். எனவே ஓர் எளிய உரைக் கோப்பில் ஒவ்வொரு கோப்பும் என்ன, ஒவ்வொரு நெடுவரிசைத் தலைப்பும் எதைக் குறிக்கிறது, எந்த அலகு, தரவு எப்போது எப்படித் திரட்டப்பட்டது, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு பயன்பட்டது என்பவற்றை எழுதுங்கள். எழுதியதை உங்கள் துறையைச் சேராத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

மீத்தரவையும் இப்போதே எழுதி வைப்பது நல்லது: தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்கள். இவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தாருங்கள். தேடுபவர் எந்த மொழியில் வருவார் என்று உங்களுக்குத் தெரியாது.

நேர்காணல்கள் இருந்தால் பெயர், ஊர், தொழில் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடாதா என்று பாருங்கள். கைப்பேசியில் எடுத்த படங்களுக்குள் இடத்தின் ஆயங்கள் பதிந்திருக்கும், நீக்கிவிடுங்கள். சம்மதப் படிவத்தில் பொதுவெளியில் வெளியிட ஒப்புதல் இல்லையென்றால் கோப்பை மூடி வைத்து, விவரக் குறிப்பை மட்டும் திறந்து வையுங்கள்.

5. களஞ்சியத்தைத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் நிறுவனத்தில் களஞ்சியம் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். நூலகர் ஒருவர் பார்த்துச் சரிசெய்வார் என்பது பெரிய நன்மை. அதற்குச் சில நாள்களிலிருந்து சில வாரங்கள் வரை ஆகும். இல்லையென்றால் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் நடத்தும் செனோடோ எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது. கட்டணம் இல்லை, ஒரு பதிவில் 50 ஜிபி வரை சேர்க்கலாம், டிஓஐ எண்ணும் இலவசம். இயற்பியல், கணிதம், கணினியியல் போன்ற துறைகளுக்கு ஆர்க்சிவ் இருக்கிறது. அங்கே முதன்முறை அனுப்புவோருக்கு ஏற்கெனவே பதிந்த ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம், அதற்கும் நாள் ஒதுக்குங்கள். நிரல் எழுதியிருந்தால் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகத்தில் அதைச் சேமிக்கக் கோரலாம்.

வேறு களஞ்சியங்களைத் தேட ஓப்பன்டோர், தரவுகளுக்கு ரி3டேட்டா ஆகிய அடைவுகள் உதவும். தேர்ந்தெடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள். நிலையான அடையாள எண் தருகிறார்களா? அமைப்பு மூடப்பட்டால் கோப்புகள் எங்கே போகும் என்று எழுத்தில் சொல்லியிருக்கிறார்களா? நம்பகமான களஞ்சியம் என்பதற்கான கோர்ட்ரஸ்ட்சீல் போன்ற சான்று பெற்றிருக்கிறார்களா? சொந்த வலைப்பதிவும், கூகுள் டிரைவ் இணைப்பும், ஆய்வாளர்களுக்கான சமூக வலைத்தளங்களும் பகிர்வதற்கு உதவும்; காப்பகமாக அவற்றை நம்ப வேண்டாம்.

டிஓஐ எண் கிடைத்துவிட்டாலே பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்பது பரவலான தவறான எண்ணம். அது முகவரி மட்டுமே. வீடு இடிந்துபோனால் முகவரி எதையும் காப்பாற்றாது. டிஓஐ பெற்ற 74 லட்சத்துக்கும் மேற்பட்ட படைப்புகளைச் சோதித்து 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய 28 விழுக்காடு அறியப்பட்ட எந்தக் காப்பகத்திலும் காணப்படவில்லை.

6. உரிமத்தை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுபவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள். அவற்றில் சிசி பை 4.0, பெயர் குறிப்பிட்டு யாரும் எதற்கும் பயன்படுத்த அனுமதிக்கிறது. வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் என்சி, மாற்றங்களைத் தடுக்கும் என்டி போன்ற நிபந்தனைகளையும் சேர்க்கலாம். ஆனால் என்டி சேர்த்தால் உங்கள் கட்டுரையை மொழிபெயர்த்து வெளியிட ஒவ்வொருவரும் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டிவரும். ஐம்பது ஆண்டுகள் கழித்து யாரிடம் கேட்பார்கள்? நான் கட்டுரைக்குச் சிசி பையும், எண்தரவுக்கு, எந்த நிபந்தனையும் விதிக்காத சிசி0-வும் தருகிறேன். தந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதை மறவாதீர்கள். பிறருடைய படம் உள்ளே இருந்தால் அந்தப் படம் இந்த உரிமத்தில் அடங்காது என்று அதன் அடியிலேயே எழுதுங்கள்.

7. பதிவேற்றுங்கள்

எல்லாம் தயாராக இருந்தால் இதற்கு அரை மணி நேரம் போதும். செனோடோவில் படிவத்தின் தொடக்கத்திலேயே, இந்தப் படைப்புக்கு ஏற்கெனவே டிஓஐ இருக்கிறதா என்று கேட்கும். வெளியீட்டாளரின் இறுதிப் பதிப்பையே அனுமதியோடு வைக்கிறீர்கள் என்றால் பழைய எண்ணைத் தாருங்கள். புதிய எண் வாங்கினால் ஒரே கட்டுரைக்கு இரண்டு எண்கள் ஆகி, மேற்கோள்கள் சிதறும். ஏற்கப்பட்ட கைப்பிரதியை வைக்கிறீர்கள் என்றால் புதிய எண் பெற்று, தொடர்புடைய படைப்புகள் என்ற பகுதியில் இறுதிப் பதிப்பின் எண்ணைக் குறிப்பிடுங்கள்.

புதிய எண் பெறுபவர்கள் அதை முன்பதிவு செய்து, கட்டுரையின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டு, பிறகு அந்தக் கோப்பைப் பதிவேற்றுவது நல்லது. எங்கோ தனியாகச் சுற்றும் பிரதியும் தன் முகவரியைத் தானே சொல்லும். வெளியிடும் பொத்தானை அன்றே அழுத்திவிடாமல், வரைவாகச் சேமித்து மறுநாள் திறந்து மீண்டும் படியுங்கள். வெளியிட்ட பிறகு விவரங்களைத் திருத்தலாம். கோப்பைத் திருத்த வேண்டுமானால் புதிய பதிப்பாகவே சேர்க்க வேண்டியிருக்கும், பழையதும் காணக் கிடைக்கும். மேற்கோள் காட்டிய ஒருவர் தாம் படித்ததையே மீண்டும் காண வேண்டும் அல்லவா, அதனால் இந்தக் கட்டுப்பாடு நியாயமானது.

கட்டுரையில் நீங்கள் மேற்கோள் காட்டிய இணையப் பக்கங்களை இண்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் சேமித்து, அந்த இணைப்பையும் தருவதற்கு இதுவே நேரம்.

8. அடுத்த கட்டுரைக்கு இதழைத் தேர்ந்தெடுக்கும்போது

செலவைப் பற்றி இங்கேதான் அதிகம் பேச வேண்டும். இதுவரை சொன்ன படிகளில் ஒரு பைசாவும் செலவாகாது. இதழிலேயே திறந்த அணுக்கமாக வெளியிட விரும்பினால் வெளியீட்டுக் கட்டணம் கேட்கப்படலாம். 2021 முதல் கட்டுரையாளர்களுக்கு அந்த வழியைத் திறந்த நேச்சர், அப்போது அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. கட்டணம் வாங்காத வைர வகைத் திறந்த அணுக்க இதழ்கள் ஏராளம். திறந்த அணுக்க இதழ்களைப் பட்டியலிடும் டிஓஏஜே அடைவில் கட்டணம் இல்லாதவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். கட்டணத் தள்ளுபடி தேவையென்றால் கட்டுரையை அனுப்பும்போதே கேளுங்கள்; ஏற்பு வந்த பிறகு கேட்டால் பல இதழ்கள் மறுத்துவிடுகின்றன. சில நாள்களில் ஏற்பு, உடனே பணம் என்று மடல் வந்தால் விலகிவிடுங்கள்.

அனுப்பும் முன் இதழின் ஐஎஸ்எஸ்என் எண்ணைக் கீப்பர்ஸ் ரெஜிஸ்ட்ரியில் இட்டுப் பாருங்கள். லாக்ஸ், கிளாக்ஸ், போர்ட்டிகோ போன்ற காப்பகங்களில் அந்த இதழ் சேமிக்கப்படுகிறதா, எந்தத் தொகுதி வரை என்று அது காட்டும். என் கட்டுரையை இழந்த இதழுக்கு அந்தத் தேடலைச் செய்திருந்தால் இரண்டு நிமிடங்களில் தெரிந்திருக்கும்.

9. ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்

களஞ்சியத்தில் சேர்த்தாலும் உங்கள் பிரதிகளை விட்டுவிடாதீர்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில் என்பது அனுபவத்தால் வந்த விதி. ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 சரிபார்ப்புக் குறியைக் கணக்கிட்டு, 64 இலக்க விடையை உரைக் கோப்பாகக் கூடவே வையுங்கள். அதற்கான கருவி இயங்குதளங்களிலேயே இருக்கிறது. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்தக் குறி முற்றிலும் வேறாக வரும்.

நாட்காட்டியில் ஆண்டுக்கு ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, குறிகளை மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள், கோப்புகளைத் திறந்து பாருங்கள், டிஓஐ இணைப்புகளைச் சொடுக்குங்கள். ஹார்ட் டிஸ்க் ஐந்து ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் புதியதற்கு மாற்றுங்கள். கடைசியாக ஒன்று. உங்கள் ஆர்கிட் கணக்கில் நம்பகமான ஒருவரைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. அவரிடம் முதல் படியில் எழுதிய அந்த விரிதாளின் பிரதியையும், ஆவணக் கோப்புறை எங்கே இருக்கிறது என்பதையும் கொடுத்து வையுங்கள்.